2019-ல் புயல்கள் ஏன் அரபிக்கடல் பக்கம் போயின?

கேள்வி இதுதான்: "வங்கக் கடலில்தான் புயல் அதிகம் என்று படித்திருக்கிறோம். ஆனால் 2019-ல் வட இந்தியப் பெருங்கடலில் உருவான எட்டுப் புயல்களில் ஐந்து அரபிக்கடலில் இருந்தன. என்ன காரணம்? கடல் சூடாகிவிட்டதால் இனி வருடா வருடம் இப்படித்தானா?"

முதல் பாதிக்குப் பதில் தெளிவானது. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் கிடந்தன. மேகக் கூட்டங்கள் மேற்கே நகர்ந்தன, புயல்களும் அங்கேயே உருவாயின. இரண்டாவது பாதிக்குப் பதில் "இல்லை, ஆனால்..." என்று தொடங்கும். அந்த "ஆனால்" முக்கியமானது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வந்து போகும் ஒரு காரணமும், வந்து தங்கிவிட்ட ஒரு காரணமும் 2019-ல் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் அடுத்த ஆண்டுகளைப் பற்றி நாம் நினைப்பதெல்லாம் தவறாகிவிடும்.

முதலில் வழக்கம் என்ன என்று பார்த்துவிடலாம். உலகம் முழுக்க ஓராண்டில் எண்பதுக்கும் மேற்பட்ட வெப்பமண்டலப் புயல்கள் உருவாகின்றன. அதில் வங்கக் கடலும் அரபிக்கடலும் சேர்ந்த நமது பகுதியின் பங்கு சராசரியாக ஐந்துதான். அந்த ஐந்தில் நான்கு வங்கக் கடலில், ஒன்று அரபிக்கடலில். வங்கக் கடலுக்கு இயற்கையாகவே சில வசதிகள் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று பெரிய ஆறுகள் அதில் நன்னீரைக் கொட்டுகின்றன. எடை குறைந்த அந்த நீர் மேலேயே ஒரு படலமாக நிற்கிறது. கீழே உள்ள குளிர்ந்த உப்புநீர் எளிதில் மேலே வர முடியாததால் மேற்பரப்பு சூடாகவே இருக்கிறது. அதுபோக, தென்சீனக் கடலில் பலவீனமான புயல்களின் மிச்சம் தாய்லாந்தைக் கடந்து அந்தமான் கடலுக்குள் வரும். அதாவது, புயலுக்கான விதை வெளியிலிருந்தும் கிடைக்கிறது.

அரபிக்கடலின் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரையோரமாகப் பலமாக வீசும்போது மேல்நீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழும்புகிறது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை கடலின் மேற்குப் பாதி இப்படிக் குளிர்ந்துபோகும். அதற்கு மேல் அரேபியப் பாலைவனத்திலிருந்து வறண்ட காற்று வந்துகொண்டே இருக்கும். ஈரமில்லாத காற்றை உறிஞ்சும் புயல் உள்ளுக்குள்ளேயே வற்றிப்போகும்.

இரண்டு கடலுக்கும் பொதுவான ஒரு விஷயம், இங்கே புயல் பருவம் இரண்டு என்பது. பருவமழைக்கு முன் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, பருவமழைக்குப் பின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. நடுவில் ஜூலை, ஆகஸ்டில், குளிர்ந்துபோகும் மேற்கு அரபிக்கடலைத் தவிர, கடலில் சூடும் இருக்கிறது, ஈரமும் கொட்டிக் கிடக்கிறது. இருந்தும் புயல் வராததற்குக் காரணம் காற்று முறிவு. தரைக்கு அருகே தென்மேற்கிலிருந்து காற்று பலமாக வீச, பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் நேர் எதிராகக் கிழக்கிலிருந்து இன்னும் வேகமாகக் காற்று வீசுகிறது. உயர்ந்து நிற்க வேண்டிய மேகத் தொகுதியின் அடி ஒரு பக்கமும் தலை மறுபக்கமும் இழுபடும். வடக்கு வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்கள் உருவாகும், ஒடிசாவில் ஏறி நல்ல மழை தரும். ஆனால் 'புயல்' என்று பெயர் வாங்குவது அபூர்வம். மேலே சொன்ன முறிவு தளரும் இடைவெளிகளில்தான் நமது புயல்கள் எழுகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு 2019-ஐப் பாருங்கள்.

ஜனவரி முதல் வாரத்திலேயே முதல் புயல் வந்துவிட்டது. தென்சீனக் கடலில் உருவான பபுக், தெற்குத் தாய்லாந்தைக் கடந்து அந்தமான் கடலுக்குள் நுழைந்து, சில நாளில் அடங்கியது. நமது பட்டியலில் அது எண்ணப்படுகிறது, ஆனால் பெயர் மேற்குப் பசிபிக் பட்டியலிலிருந்து வந்தது.

அடுத்தது ஃபானி. ஏப்ரல் 26 அன்று சுமத்ராவுக்கு மேற்கே, நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் தாழ்வு மண்டலமாக எழுந்தது. முதலில் அது வடமேற்காகத் தமிழகக் கரையை நோக்கி வருவதுபோல இருந்தது. ஏரிகள் வற்றிக்கொண்டிருந்த சென்னையில் இந்தப் புயலாவது மழை தராதா என்று பலர் எதிர்பார்த்தார்கள். அது வரவில்லை. வடக்கே திரும்பி, சுமார் 3,000 கிலோமீட்டர் கடலிலேயே பயணம் செய்து, மே 3 காலையில் ஒடிசாவின் புரி அருகே அதிதீவிரப் புயலாகக் கரையைக் கடந்தது. கரையைக் கடக்கும்போது காற்று மணிக்கு 175 கிலோமீட்டரைத் தொட்டது. ஏறக்குறைய ஒரு வாரம் சூடான கடலின் மேல் தங்கியதுதான் அந்தப் பலத்துக்குக் காரணம்.

ஃபானியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் தாண்ட முடியாது. 1999 அக்டோபர் 29 அன்று பாரதீப் அருகே கரையேறிய சூப்பர் புயலில் ஒடிசாவில் கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். ஃபானிக்கு முன் ஒடிசா அரசு 12 லட்சம் பேரைக் கரையோரத்திலிருந்து அப்புறப்படுத்தியது. வங்கதேசத்தையும் சேர்த்தாலும் உயிரிழப்பு நூறைத் தாண்டவில்லை. புயலின் பலத்தில் வித்தியாசம் உண்டுதான், ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை அது மட்டும் தந்திருக்க முடியாது. இருபது வருடங்களில் கட்டப்பட்ட புயல் காப்பகங்களும், ஊர் ஊராகப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும், முன்னறிவிப்பில் வந்த துல்லியமும் சேர்ந்து காப்பாற்றிய உயிர்கள் அவை. வீடுகளும் மின்கம்பங்களும் விழுந்தன, புவனேஸ்வரும் புரியும் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆனாலும் மக்கள் பிழைத்தார்கள்.

இதுவரை வங்கக் கடல். ஜூனிலிருந்து பக்கம் மாறுகிறது.

ஜூன் 10 வாக்கில் அரபிக்கடலில் எழுந்த வாயு, பருவமழையின் முகப்பிலேயே உருவான புயல். குஜராத்தின் வேராவல் பகுதியைத் தாக்கும் என்று எதிர்பார்த்து லட்சக்கணக்கானோரை இடம் மாற்றினார்கள். கடைசி நேரத்தில் அது மேற்கே விலகிக் கடலிலேயே சுற்றி வலுவிழந்தது. ஏற்கெனவே ஒரு வாரம் தாமதமாக ஜூன் 8-ல்தான் கேரளத்துக்கு வந்திருந்த பருவமழை மேலும் முன்னேற முடியாமல் நின்றது. ஈரமெல்லாம் புயலின் பக்கம் இழுக்கப்பட்டதே காரணம். பிறகு பருவமழை அப்படியே நீண்டுபோனது. வடமேற்கு இந்தியாவிலிருந்து அது விலகத் தொடங்கியதே அக்டோபர் 9-ல்தான். பதிவுகளில் அவ்வளவு தாமதமான விலகல் அதற்கு முன் இல்லை. செப்டம்பர் கடைசியில் ஹிக்கா என்ற புயல் ஓமனின் துக்ம் அருகே கரையேறியது. செப்டம்பரில் அரபிக்கடலில் மிகத் தீவிரப் புயல் என்பதே வழக்கமில்லாத ஒன்று.

அப்புறம்தான் அந்த ஆண்டின் பெரிய கட்டம். அக்டோபர் 24 அன்று கொங்கண், கர்நாடகக் கரைகளுக்கு அப்பால் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. மூன்றே நாளில் அது கியார் என்ற சூப்பர் புயலாகிவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலில் காற்று 120 நாட் (கடல்வழி வேக அலகு) வேகத்தைத் தொட்டால், அதாவது மணிக்குச் சுமார் 222 கிலோமீட்டரானால், சூப்பர் புயல். 2007-ல் வந்த கோனுவுக்குப் பிறகு அரபிக்கடலில் இது முதல் முறை. கியார் இன்னும் கடலில் இருக்கும்போதே, அக்டோபர் 30 அன்று, குமரிக்கடல் பகுதியில் எழுந்த தாழ்வு லட்சத்தீவு அருகே மஹா புயலானது. ஒரே சமயத்தில் அரபிக்கடலில் இரண்டு புயல்கள் இருந்தது பதிவுகளில் அதுவரை இல்லை.

கியார் ஓமன் பக்கம் போகப் போக, அரேபிய வறண்ட காற்று அதன் வயிற்றுக்குள் புகுந்தது. கரையைத் தொடும் முன்பே அது கரைந்துவிட்டது. ஆனால் அது கிளப்பிய அலைகள் ஓமன், பாகிஸ்தான் கரைகள் வரை போய்த் தாழ்வான இடங்களில் கடல்நீரைப் புகுத்தின. மஹாவும் அதிதீவிர நிலைக்கு வளர்ந்து, குஜராத்தை நோக்கித் திரும்பி, வடக்கே இருந்த வறண்ட காற்றிலும் அதிகரித்த காற்று முறிவிலும் மாட்டி, கரையை அடையும் முன்பே அடங்கியது.

செய்தி பார்ப்பவர்களுக்கு இவை இரண்டும் 'கரைக்கு வராத புயல்கள்'. இந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கி, குஜராத்துக்கும் ஓமனுக்கும் அப்பால்கூட மீன்பிடிப்பவை. அவர்களைப் பொறுத்தவரை புயல் இருக்கும் இடம்தான் பணியிடம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி இதே குமரிக்கடலில் ஒரே நாளில் புயலாகி, கடலில் இருந்தவர்களுக்குக் கரை திரும்ப அவகாசமே தராமல் அத்தனை உயிர்களைக் கொண்டுபோனதை அந்த ஊர்கள் மறக்கவில்லை. மஹா எழுந்ததும் அதே மூலையில்தான். கரையைக் கடந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்து ஒரு பருவத்தை மதிப்பிடுவது இவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறது.

நவம்பரில் புல்புல். வியட்நாமில் கரையேறிய மட்மோ புயலின் மிச்சம் அந்தமான் கடலுக்குள் வந்து உயிர்பெற்றது. நவம்பர் 9 இரவு மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் ஏறியது, அலையாத்திக் காடுகள் அதன் வேகத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டன.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். 2019-ல் வங்கக் கடலின் கணக்கில் மூன்று புயல்கள். பபுக்கும் புல்புல்லும் தென்சீனக் கடலின் வாரிசுகள். ஆக, பருவமழைக்குப் பிந்தைய பருவத்தில், வழக்கமாக அது உச்சத்தில் இருக்கும் மாதங்களில், வங்கக் கடல் தன் சொந்த விதையிலிருந்து ஒரு புயலைக்கூட எழுப்பவில்லை. அரபிக்கடலின் ஐந்தைவிட எனக்கு இதுதான் பெரிய தடயம். அரபிக்கடல் ஏன் சுறுசுறுப்பாக இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வங்கக் கடல் ஏன் அமைதியாக இருந்தது என்றும் சேர்த்துக் கேட்டால் விடை தானாக வரும்.

அந்த விடை இந்தியப் பெருங்கடல் இருமுனை, சுருக்கமாக ஐஓடி. ஆப்பிரிக்கக் கரைப்பக்கக் கடலின் வெப்பநிலையும் சுமத்ரா பக்கக் கடலின் வெப்பநிலையும் தத்தம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்து, அந்த இரண்டின் வேறுபாட்டைக் கணக்கிடுவார்கள். மேற்கு சூடாகவும் கிழக்கு குளிர்ந்தும் இருந்தால் நேர்மறை. ஆஸ்திரேலிய வானிலைத் துறை 0.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே நேர்மறை நிலை என்று எடுத்துக்கொள்ளும். 2019 அக்டோபரில் வாரக் கணக்கு 2 டிகிரியைத் தாண்டியது. பதிவான மிகப் பலமான நேர்மறை நிகழ்வுகளில் அது ஒன்று. கிழக்கே கடல் குளிர்ந்ததால் அங்கே மேகம் எழவில்லை. மேற்கே காற்று மேலெழுந்து, ஈரம் சேர்ந்து, மழை கொட்டியது. அதே மாதங்களில் கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் மிதந்தது, ஆஸ்திரேலியா வறண்டு காட்டுத்தீயில் எரிந்தது. அரபிக்கடலின் புயல்களும் இதே படத்தின் ஒரு பகுதிதான்.

அந்த ஆண்டின் கடைசிப் புயலான பவனைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை, காற்றின் வேகத்தில் அது சாதாரணமானது என்பதால். டிசம்பர் 7 அன்று வலுவிழந்த நிலையில் சோமாலியாவின் புன்ட்லாந்தில் ஏறியது. ஆனால் அதன் கதை ஓராண்டுக்கு முன்பே தொடங்குகிறது. 2018 மே மாதம் மெகுனு, அக்டோபரில் லுபான் என்று இரண்டு அரபிக்கடல் புயல்கள் தெற்கு அரேபியாவின் ரப் அல் காலி பாலைவனத்தில் மழை பெய்தன. மனிதர் இல்லாத, யாரும் கண்காணிக்காத அந்த மணலில் ஈரமும் பசுமையும் வந்ததால் பாலைவன வெட்டுக்கிளிகள் தலைமுறை தலைமுறையாகப் பெருகின. 2019-ல் அவை ஏமன் வழியாக ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதிக்குள் வந்திருந்தன. பவன் கொண்டுவந்த மழை அவை மேலும் இனப்பெருக்கம் செய்ய வழிவிட்டது. 2020 தொடக்கத்தில் கென்யா எழுபது ஆண்டுகளில் காணாத வெட்டுக்கிளிப் படையெடுப்பைச் சந்தித்தது. சூப்பர் புயலான கியாரைவிடப் பலவீனமான பவனின் பின்விளைவு நிலத்தில் நீண்ட காலம் இருந்தது. காற்றின் வேகத்தை வைத்துத் தரும் வகைப்பெயர் மழையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

சரி, இப்போது "ஆனால்". ஐஓடி வந்து போகும், கடல் சூடாவதோ தொடர்கிறது. 1901 முதல் 2012 வரையான காலத்தில் மேற்கு இந்தியப் பெருங்கடலின் கோடைகால வெப்பநிலை சுமார் 1.2 டிகிரி உயர்ந்திருக்கிறது. வெப்பமண்டலக் கடல்களில் அது பெரிய உயர்வு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் 1982–2000, 2001–2019 என்ற இரு காலங்களை ஒப்பிட்டு, அரபிக்கடலில் புயல்களின் எண்ணிக்கை 52 சதவீதம் கூடியிருப்பதையும் வங்கக் கடலில் 8 சதவீதம் குறைந்திருப்பதையும் காட்டினார்கள். பலமான புயல்கள் கூடியதும், அவை கடலில் நீடிக்கும் நேரம் கூடியதும் எண்ணிக்கையைவிடக் கவலை தருபவை. சூடான நீர் ஆழம் வரை இருந்தால், புயல் கடலைக் கலக்கினாலும் கீழிருந்து குளிர்ந்த நீர் வந்து அதை அடக்காது. கியார் மூன்று நாளில் சூப்பர் புயலானதற்கு இத்தகைய கடல் பெரிய காரணம்.

எண்ணிக்கையைக் கையாளும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. 2019-ன் ஐந்து புயல்கள் 1902-ன் சாதனையைச் சமன் செய்தன என்று வானிலைத் துறை அறிவித்தது. 1902-ல் செயற்கைக்கோள் கிடையாது. கப்பல்கள் எதிர்கொண்டதும் கரை கண்டதும் மட்டுமே பதிவாகின. நடு அரபிக்கடலில் யாரும் பார்க்காமல் பிறந்து அடங்கிய புயல்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. 1960-களுக்குப் பிந்தைய பதிவுகளைத்தான் முழுமையாக நம்பி ஒப்பிட முடியும், அதற்கும் மேலாக, ஆண்டுக்கு ஒன்று இரண்டு என்று வரும் ஒரு நிகழ்வில் சதவீதங்கள் எளிதில் குதிக்கும்.

அப்படியானால் வருடா வருடமா? 2019-க்குப் பின் நடந்ததே பதில். 2020-ல் நிசர்கா மகாராஷ்டிரத்தையும் கதி சோமாலியாவையும் தாக்கின, ஆனால் சூப்பர் புயலான ஆம்பன் வங்கக் கடலில்தான் எழுந்தது. 2021-ல் தவ்தே குஜராத்தை அடித்தது. வங்கக் கடலில் பிறந்த குலாப் நிலத்தைக் கடந்து அரபிக்கடலில் ஷாஹீனாக மறுபிறவி எடுத்து ஓமனில் ஏறியது. 2022-ல் ஐஓடி எதிர்மறைக்குப் போனது. அந்த ஆண்டு அசானி, சித்ரங், மாண்டஸ் மூன்றும் வங்கக் கடலில், அரபிக்கடலில் ஒன்றுகூட இல்லை. 2023-ல் ஐஓடி மறுபடி நேர்மறை. அப்போதும் ஆறில் இரண்டுதான் அரபிக்கடலில், ஆனால் அதில் ஒன்றான பிப்பர்ஜாய் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் உயிரோடு இருந்தது. 2024 ஆகஸ்டில் குஜராத் நிலத்தின் மேல் இருந்த தாழ்வு மண்டலம் கடலுக்குள் இறங்கி அஸ்னா புயலானது. ஆகஸ்டில் அரபிக்கடலில் புயல் என்பது 1976-க்குப் பிறகு நடந்திராதது.

எத்தனை புயல் வரும் என்பதை இன்னமும் ஐஓடி, பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ போன்ற ஆண்டுக்கு ஆண்டு மாறும் நிலைகள்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. வந்த புயல் எவ்வளவு வேகமாக வளரும், எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதில்தான் சூடாகும் கடலின் கை கூடிக்கொண்டே போகிறது. 2019 மாதிரி ஐந்து புயல் அடுத்த வருடமும் வரும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. வரும் ஒன்றோ இரண்டோ மூன்று நாளில் அசுரபலம் பெறும் என்பதை எதிர்பார்க்கக் காரணம் நிறைய உண்டு.

பருவத்தை முன்கூட்டியே கவனிக்க விரும்பினால் செப்டம்பரிலிருந்தே ஐஓடி நிலவரத்தைப் பாருங்கள். அக்டோபர் வந்ததும் மேகக் கூட்டங்களைக் கிழக்கு நோக்கி நகர்த்திக்கொண்டு உலகைச் சுற்றும் மேடன்-ஜூலியன் அலைவு நமது கடலின் மேல் எப்போது வருகிறது என்று பாருங்கள். முப்பது முதல் அறுபது நாளுக்கு ஒரு முறை அது கடக்கும், புயல்கள் பெரும்பாலும் அந்த வாரங்களில் கொத்தாக எழும். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த இரண்டு வாரங்களில் இரு கடல்களிலும் புயல் உருவாகும் வாய்ப்பை அறிக்கையாக வெளியிடுகிறது. இரண்டு மூன்று வாரம் தங்குவதற்குக் கடலுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது அந்த வியாழக்கிழமை அறிக்கைதான். ஏனென்றால் ஒக்கியும் மஹாவும் எழுந்த குமரிக்கடலில், தாழ்வு மண்டலம் புயலாக மாறிய பிறகு வரும் எச்சரிக்கை தொலைவில் இருக்கும் படகுக்குப் போதாது.